பதவியை நாடாத கட்சித் தலைவர்
தாய்வானின் லின் யி-சியுங்

(சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கமக்காரர்களும் கூடியிருந்த அரசியல் வகுப்பொன்றில் சட்டத்தரணியொருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



அரசியல் என்றால் பதவி என்றும், கட்சி என்றால் பதவிக்கு ஏறும் படிக்கட்டு என்றும் எண்ணுவோர் எல்லா நாடுகளிலும் உளர். அங்ஙனம் எண்ணுவோரை நாம் முற்றாகக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் கண்ணெதிரே கண்டதை வைத்தே பேசுகின்றனர். ஆயினும், ஒரு கட்சியை ஆட்சிபீடத்தின் வாசல்வரை கொண்டு சென்றுவிட்டு, வாசலில் நின்றே திரும்பிவிட்ட தலைவர்களும் இவ்வுலகில் உண்டு. அவர்களுள் ஒருவரைப் பற்றியே இன்று பேச எடுத்துக்கொண்டோம். அவர் தாய்வான் தீவைச் சேர்ந்தவர், நெல் விளையும் மண்ணிற் பிறந்தவர், சட்டம் பயின்றவர். இச்சபையில் கூடியிருக்கும் இரு சாராருக்கும் அவர் அந்நியர் அல்லர் என்றே கொள்கின்றோம்.

தீவின் நிலை

முதலில் அந்நாட்டின் நிலையைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். தாய்வான் 1895 முதல் 1945 வரை யப்பானியரின் ஆட்சியில் இருந்தது. உலகப் போரின் முடிவில் சீனக் கோமிந்தாங் அரசின் கைக்கு வந்தது. புதிதாக வந்த ஆட்சிக்கும் தீவு மக்களுக்குமிடையே 1947 பெப்ரவரி 28ஆம் நாள் மூண்ட மோதலைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். 1949இல் சீனப் பெருநிலத்தை இழந்த சியாங் கை-ஷேக்கின் அரசு தாய்பே நகருக்குப் பெயர்ந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் பிரகடனப்படுத்தப்பட்ட இராணுவச் சட்டம் 1987 யூலை 15ஆம் நாள் வரை, அதாவது முப்பத்தெட்டு ஆண்டுகள், நீக்கப்படவேயில்லை.

இக்காலத்தில் புதிய கட்சி அமைப்பது குற்றம். பெருநிலத்தில் 1947, 1948 ஆம் ஆண்டுகளில் தெரிவான பிரதிநிதிகள் மறுதேர்தல் இன்றி 1991 வரை தேசிய சபைகளில் அமர்ந்திருந்தனர். பாடசாலையில் தாய்மொழி பேசிய பிள்ளை தண்டிக்கப்பட்டது. மாகாண சபைக்கும் உள்ளூர்ச் சபைகளுக்கும் தேர்தல் நடந்தது. மக்களுக்குத் திறந்திருந்த கதவு அது. அக்கதவினூடாகவே லின் யி-சியுங் அரசியலுக்குள் வந்தார்.

தேர்தல் மனுவும் தேர்தலும்

தீவின் வடகிழக்கே மலைக்கும் கடலுக்கும் இடையில் யீலான் சமவெளி கிடக்கின்றது. மழை மிகுந்த, வயல் நிறைந்த அந்நிலத்தில், வூசியே என்னும் ஊரில், 1941இல் அவர் பிறந்தார். தாய்வான் தேசியப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்று வழக்குரைஞர் ஆனார். கட்சி சாராத வழக்குரைஞராகவே அவர் காலம் கழித்திருக்கலாம். அவரை அரசியலுக்கு இழுத்து வந்தது ஒரு தேர்தல் வழக்கு.

யீலான் மக்களின் நன்மதிப்பைப் பெற்றவர் குவோ யூ-சின் என்னும் முதியவர். நீண்டகாலம் மாகாண சபையில் எதிர்க்குரல் எழுப்பியவர். 1975 டிசம்பரில் அவர் சட்டமியற்றும் சபைத் தேர்தலில் நின்று தோல்வியுற்றார். பெருந்தொகையான வாக்குச் சீட்டுக்கள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டிருந்தன. லின் அவர்களும் அவருடைய நண்பர் யாவ் சியா-வென் என்னும் வழக்குரைஞரும் முதியவருக்காக வழக்குத் தொடுத்தனர். வழக்கு தோற்றது. இருவரும் அவ்வழக்கின் வரலாற்றை ஒரு நூலாக எழுதி வெளியிட்டனர்.

சட்டத்தரணி நண்பர்கள் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும். தோற்கப் போகும் வழக்கைத் தொடுப்பதால் யாது பயன் என்று கேட்பவர் உளர். தீர்ப்பு நீதிமன்றத்தோடு முடிந்துவிடும். ஆனால் சாட்சியம் பதிவில் நிற்கும். பதிவில் நின்றதை நாடு படிக்கும். நீதிபதியின் முன்னே தோற்ற வழக்கை அவ்விருவரும் மக்களின் முன்னே எடுத்துச் சென்றனர். 1977இல் நடந்த மாகாண சபைத் தேர்தலில் யீலான் மக்கள் லின் அவர்களைத் தெரிவு செய்தனர். முதியவரிடமிருந்து பறிக்கப்பட்டதை அவ்வூர் மக்கள் இளையவரிடம் ஒப்படைத்தனர் என்றே நாம் கொள்ளலாம்.

காவ்சியுங் வழக்கு

1978 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்கா பீக்கிங் அரசை அங்கீகரிக்கப் போவதாக அறிவித்தது. அதனைக் காரணங்காட்டித் தாய்வான் அரசு நடைபெறவிருந்த தேர்தலை நிறுத்தியது. கட்சி அமைக்க இயலாத நிலையில், எதிர்ப்பாளர்கள் 1979 ஆகஸ்டில் ‘போர்மோசா’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினர். நகர்தோறும் அதற்குக் காரியாலயம் திறந்தனர். பெயரளவில் அது சஞ்சிகை, நடைமுறையில் கட்சி. லின் அவர்களும் அதன் முன்னணியில் நின்றார்.

அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள், உலக மனித உரிமை நாளன்று, தெற்கே காவ்சியுங் நகரில் அவர்கள் கூட்டம் கூட்டினர். காவற் படையினர் சூழ்ந்தனர், மோதல் விளைந்தது. மூன்று நாட்களின் பின் கைதுகள் தொடங்கின. லின் அவர்களும் சிறைப்பட்டார். ஹுவாங் சின்-சியே, ஷி மிங்-தே முதலிய எண்மர்மீது இராணுவ நீதிமன்றத்தில் அரசைக் கவிழ்க்க முயன்ற குற்றம் சாட்டப்பட்டது. அச்சட்டப் பிரிவு மரண தண்டனைக்கு உரியது.

வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே, மனிதர் பேச நாக்கூசும் கொடுமை ஒன்று நிகழ்ந்தது. 1980 பெப்ரவரி 28. மனைவி பாங் சு-மின் வெளியே சென்றிருந்த வேளையில், தாய்பேயிலிருந்த அவர்களின் வீட்டினுள் எவரோ புகுந்து, லின் அவர்களின் தாயாரையும் ஏழு வயதான இரட்டைப் பெண் குழந்தைகளையும் கத்தியாற் குத்திக் கொன்றனர். மூத்த மகள் பலத்த காயங்களோடு உயிர் தப்பினாள். அரசின் காவலர்கள் அவ்வீட்டைக் கண்காணித்து வந்த காலம் அது. கொலை செய்தவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. நாற்பது ஆண்டுகளின் பின், 2020இல், பழைய ஆவணங்களை ஆராய்ந்த அரச ஆணைக்குழு, பாதுகாப்புத் துறையினருக்குத் தொடர்பிருந்திருக்கலாம் என்ற ஐயத்தை நீக்க இயலாது எனக் கூறியது. அதற்கு மேல் நாமும் கூறுவதற்கில்லை. சட்டம் பயின்றோர் ஐயத்தை ஐயமென்றே சொல்லுதல் வேண்டும்.

அன்றே அவர் பிணையில் விடுவிக்கப்பட்டார். மார்ச் 18 முதல் 28 வரை வழக்கு நடந்தது. உலக நாடுகளின் கண் பட்டமையால், பத்திரிகையாளரும் பிறநாட்டாரும் பார்த்திருக்கவே விசாரணை செய்ய வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது. விளக்கமறியலில் வற்புறுத்திப் பெறப்பட்ட வாக்குமூலங்கள் இவை என எதிரிகள் கூறினர். மன்று அதனை ஏற்கவில்லை. ஷி மிங்-தேக்கு ஆயுட்சிறை, ஹுவாங் சின்-சியேக்குப் பதினான்கு ஆண்டு, ஏனைய அறுவருக்கும் பன்னிரண்டு ஆண்டு எனத் தீர்ப்பாயிற்று. மே முதல் நாள் லின் அவர்கள் மீண்டும் சிறை புகுந்தார்.

சஞ்சிகையைச் சிறையிலடைத்ததால் கட்சி அழிந்துவிட்டதா? இல்லை. எதிரிகளுக்காக வாதாட வந்த இளம் வழக்குரைஞர்கள் வழக்கு முடிந்தபின் வீடு திரும்பவில்லை, அரசியலுக்கு வந்தனர். லின் அவர்களுக்காக வாதாடிய சியாங் பெங்-சியென், 1986 செப்டெம்பர் 28ஆம் நாள் தடையையும் மீறி அமைக்கப்பெற்ற சனநாயக முற்போக்குக் கட்சியின் முதல் தலைவரானார். அதே வழக்கில் வாதாடிய சென் சுயி-பியென் பிற்காலத்தில் சனாதிபதியானார். வேறு மூவர் பிரதமர் பதவி வகித்தனர். எதிரிக் கூண்டில் நின்ற லூ சியூ-லியென் என்னும் பெண்மணி உப சனாதிபதியானார். லின் அவர்களின் மனைவியாரோ, 1983இல், கணவர் சிறையிலிருக்கும்போதே சட்டமியற்றும் சபைக்குத் தெரிவானார். ஓர் அரசு தன் எதிர்காலத்தைத் தானே கூண்டில் ஏற்றிக் குற்றம் சாட்டிய கதை இது.

துயரின் பின்

1984 ஆகஸ்டில் லின் அவர்கள் விடுதலை பெற்றார். தாயும் மக்களும் மாண்ட வீட்டைப் பிரிஸ்பிட்டேரியன் சபையினர் ஏற்றுத் தேவாலயமாக்கியிருந்தனர். அவர் வெளிநாடு சென்று ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகம் பயின்றார். இங்கிலாந்திலும் யப்பானிலும் தங்கி ஆராய்ச்சி செய்தார். 1989இல் நாடு திரும்புகையில், சுதந்திரத் தாய்வானுக்கென அடிப்படைச் சட்ட நகல் ஒன்றை வரைந்து கொண்டு வந்தார். 1991இல் தம் பிறந்த ஊரில் சிலின் அறநிலையத்தை நிறுவி, இளைஞருக்கு அரசியற் கல்வி புகட்டலானார். அங்கே தாய்வான் சனநாயகப் போராட்டத்துக்கென ஒரு காட்சிச்சாலையும் உண்டு.

இத்தகைய துன்பத்துக்கு ஆளான ஒருவர், அத்துன்பத்தையே முதலாக்கி வாக்குக் கேட்டிருந்தால் எவர் மறுத்திருப்பர்? அவர் கேட்கவில்லை. பழிவாங்கும் அரசியலையும் அவர் மேடையேற்றவில்லை. துயரத்தைச் சட்ட நகலாகவும் பள்ளிக்கூடமாகவும் மாற்றினார்.

கட்சித் தலைமை

1998இல் சனநாயக முற்போக்குக் கட்சி, தன் தலைவரை முதன்முறையாக உறுப்பினர் அனைவரின் நேரடி வாக்கினால் தெரிந்தெடுத்தது. தெரிவானவர் லின் அவர்கள். அவ்வாண்டு டிசம்பரில் தாய்பே நகராதிபதித் தேர்தலில் சென் சுயி-பியென் தோல்வியுற்றார். காவ்சியுங் நகரைக் கட்சி வென்றது. சனாதிபதித் தேர்தலுக்கு ஒன்றேகால் ஆண்டே எஞ்சியிருந்தது.

அக்காலத்தில் அவர் ஆற்றிய கருமங்களுள் தலையாயது 1999 மே மாதம் காவ்சியுங்கில் நிறைவேறிய ‘தாய்வானின் எதிர்காலம் பற்றிய தீர்மானம்’. தாய்வான் சுதந்திர நாடு. அதன் இன்றைய அரசியலமைப்புப் பெயர் சீனக் குடியரசு. இந்நிலையில் எந்த மாற்றமும் நாட்டு மக்கள் அனைவரின் வாக்கெடுப்பினாலேயே செய்யப்படல் வேண்டும். இதுவே அத்தீர்மானத்தின் சாரம். தாமே தனி நாட்டுக்கென அடிப்படைச் சட்டம் எழுதிய ஒருவர், தம் நகலைக் கட்சியின் தலைமேற் சுமத்தாது, நாட்டின் பெரும்பான்மையோர் அஞ்சாது ஏற்கத்தக்க வாசகத்துக்குத் தலைமை தாங்கினார். இதனைக் கொள்கையை விட்டுக்கொடுத்தல் என்று சிலர் கூறினர். நாம் அவ்வாறு கருதவில்லை. முடிவைக் கட்சியின் கையிலிருந்து எடுத்து மக்களின் கையில் வைத்தது கொள்கையின் வளர்ச்சியேயாம்.

உட்கட்சியிலும் சோதனை வந்தது. முன்னாள் தலைவர் ஒருவர் கட்சியை விட்டு விலகித் தனியே போட்டியிட்டார். ஆனால் கட்சி பிளவுபடவில்லை. எதிர்ப்பக்கத்தில் கோமிந்தாங்கே இரண்டாகப் பிரிந்து நின்றது. 2000 மார்ச் 18ஆம் நாள் நடந்த தேர்தலில் நூற்றுக்கு 82க்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். சென் சுயி-பியென் நூற்றுக்கு 39.3 வாக்குகளால் வென்றார். அடுத்து வந்தவர் பெற்றவை 36.8. ஐம்பத்தைந்து ஆண்டுக் கோமிந்தாங் ஆட்சி ஒரு துப்பாக்கி வேட்டும் இன்றி முடிவுற்றது.

வெற்றி பெற்ற கட்சியின் தலைவர் எதைக் கேட்டார்? ஒன்றும் கேட்கவில்லை. அமைச்சர் பதவி எதனையும் ஏற்கவில்லை. கட்சித் தலைமைக்கும் மீண்டும் நிற்கவில்லை. 2000 யூலையில் தலைமையை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்.

ஆட்சியும் வாக்குறுதியும்

கமக்காரப் பெருமக்களே, இனி வருவது உங்கள் மனத்துக்கு அணுக்கமானது. தீவின் வடகிழக்குக் கரையிலே குங்லியாவ் என்னும் மீனவரூர் உண்டு. அங்கே நாட்டின் நான்காவது அணுமின் நிலையத்தை அமைக்க அரசு முடிவு செய்தது. 1994 மே மாதம் அவ்வூரவர் தாமே வாக்கெடுப்பு நடத்தினர். வாக்களித்தோருள் நூற்றுக்கு 96 பேர் வேண்டாம் என்றனர். அவ்வாக்கெடுப்புக்குச் சட்ட வலிமை இல்லையென அரசு தள்ளிவிட்டது.

லின் அவர்கள் அதே ஆண்டு யூலையில் சட்டமியற்றும் சபையின் முன் உண்ணாவிரதம் இருந்தார். அதன்பின் தொண்டர்களோடு தீவைச் சுற்றி நெடுநடை நடந்தார். உழவர் அணியும் மூங்கிற் தொப்பியே அவர்களின் சின்னம். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை, வரிசையாக, வாய் பேசாது நடந்தனர். அணுமின்னை ஒழியுங்கள் என்பதற்கும் மேலாக, இதனை மக்களிடம் கேளுங்கள் என்பதே அவர்களின் கோரிக்கையாக இருந்தது. சாத்வீகம் என்னும் சொல்லை அறிந்த நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

2000இல் அவருடைய கட்சியே ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 27ஆம் நாள் அரசு அந்நிலையத்தின் கட்டட வேலையை நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்க்கட்சிகளின் கையிலிருந்த சட்டமியற்றும் சபை கொதித்தெழுந்தது. 2001 ஜனவரி 15ஆம் நாள் அரசியலமைப்பு நீதிபதிகள், சபை ஒதுக்கிய பணத்தை நிறைவேற்று அரசு தன் விருப்பப்படி நிறுத்துதல் ஆகாது; சபையின் முன் விளக்கம் அளித்தல் வேண்டும் என்று கூறினர். பெப்ரவரி 14ஆம் நாள் வேலை மீண்டும் தொடங்கியது.

லின் அவர்களும் 2002இல் மீண்டும் நடக்கத் தொடங்கினார். இம்முறை எதிரே இருந்தது தாம் ஆட்சியில் அமர்த்திய அரசு. 2006 ஜனவரியில் கட்சியிலிருந்தும் விலகினார். அவ்வாண்டிலேயே சென் சுயி-பியென் குடும்பத்தார்மீது ஊழற் குற்றச்சாட்டுக்கள் எழுந்தன. பழைய சிறைத் தோழர் ஷி மிங்-தேயின் தலைமையில் மக்கள் வீதிக்கு வந்தனர். பதவிக்காலம் முடிந்தபின் சென் அவர்கள் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். கூண்டில் நின்றவருக்காக வாதாடியவர், தாமே கூண்டில் நின்றார். நியாயமான போராட்டம் ஒன்றில் நின்றிருந்தமை, பதவியின் சோதனையிலிருந்து எவரையும் காத்துவிடுவதில்லை.

2014 ஏப்ரல் 22ஆம் நாள், தம் எழுபத்திரண்டாம் வயதில், தாயும் மக்களும் மாண்ட இல்லமாகிய அத்தேவாலயத்தில் அமர்ந்து, லின் அவர்கள் காலவரையறையற்ற உண்ணாவிரதத்தைத் தொடங்கினார். பல்லாயிரவர் வீதியில் கூடினர். ஆறாம் நாள் கோமிந்தாங் அரசு, முதலாம் உலையை மூடி வைக்கவும் இரண்டாம் உலையின் வேலையை நிறுத்தவும் இணங்கியது. ஏப்ரல் 30ஆம் நாள் அவர் உண்ணாவிரதத்தை முடித்தார். 2021 டிசம்பரில், அந்நிலையத்தை மீளத் தொடங்கலாமா என்று நாடு முழுவதும் கேட்கப்பட்டது. வேண்டாம் என்றோரே மிகுதியாயிருந்தனர். 1994இல் ஒரு மீனவரூர் எழுப்பிய கேள்விக்கு, இருபத்தேழு ஆண்டுகளின் பின் நாடு விடை பகர்ந்தது.

நிறையும் குறையும்

புகழ்வதற்கு மட்டும் நாம் இங்கே வரவில்லை. அவருடைய முயற்சிகளில் விரும்பாத பயன் விளைத்தவையும் உண்டு. சட்டமியற்றும் சபையின் உறுப்பினர் தொகையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென அவர் 2004இல் சபையின் முன் மௌனமாக அமர்ந்தார். மக்கள் கைதட்டி வரவேற்றனர். 2005இல் அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறி, 225 ஆசனங்கள் 113 ஆயின. பெரும்பாலானவை தனி உறுப்பினர் தொகுதிகளாயின. 2008இல் நடந்த முதல் தேர்தலில் அவருடைய பழைய கட்சிக்குக் கிடைத்தவை 27 ஆசனங்கள், கோமிந்தாங்குக்கு 81. சிறு தீவுக் கோட்டத்துக்கும் ஓர் ஆசனம், பல இலட்சம் மக்கள் வாழும் கோட்டத்துக்கும் ஓர் ஆசனம் என்ற ஏற்றத்தாழ்வும் நிலைத்தது. அரசியல்வாதிகள்மீது மக்களுக்குள்ள வெறுப்பு, தொகுதி பிரிக்கும் சட்டத்தை எழுதும் கையாக இருத்தல் ஆகாது. சிறுபான்மையின் குரலைக் காக்க விழைவோர் ஆசனக் கணக்கை எழுத்தெழுத்தாகப் படித்தல் வேண்டும்.

மின்சாரம் பற்றிய வாதமும் முடிந்தபாடில்லை. 2025 மே 17ஆம் நாள் தாய்வானின் கடைசி அணு உலை நிறுத்தப்பட்டது. மூன்று மாதம் சென்றபின், அதனை மீளத் தொடங்குவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. ஆம் என்றோரே மிகுதி. எனினும் மொத்த வாக்காளரில் நாலிலொரு பங்கு என்ற சட்ட எல்லையை அத்தொகை எட்டாமையால் தீர்மானம் நிறைவேறவில்லை. மக்களிடம் கேளுங்கள் என்று முழங்கியவர், மக்கள் தமக்கு மாறாகச் சொல்லும் நாளையும் ஏற்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும். வாக்கெடுப்பு என்னும் கருவி எவருக்கும் சொந்தமானதன்று.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நாம் மூன்றினை மனத்திற் கொள்ளலாம்.

முதலாவது, சட்டத்தரணியின் கடமை. நீதி கிடைக்காது என்று தெரிந்த மன்றிலும் வழக்கை முறையாக நடத்துங்கள். 1975இன் தேர்தல் மனுவும் 1980இன் இராணுவ விசாரணையும் தோற்ற வழக்குகளே. அவ்விரண்டும் இன்றி 1986இன் கட்சி பிறந்திராது.

இரண்டாவது, ஊரின் வலிமை. லின் அவர்களைத் தலைநகரம் உண்டாக்கவில்லை. யீலான் வயல்வெளியின் வாக்காளர் உண்டாக்கினர். ஒரு முதியவரின் வாக்கு வீணாக்கப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. மறவாத ஊர் இருக்கும்வரை தலைவர்களுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது, கட்சிக்கும் மக்களுக்கும் உள்ள முறை. கட்சி ஒரு கருவி. அதனைக் கூராக்குதல் தலைவரின் தொழில். எப்போது கீழே வைப்பது என்று அறிதலும் அவர் தொழிலே. லின் அவர்கள் ஏறத்தாழ இரண்டாண்டுக் காலமே கட்சித் தலைவராயிருந்தார். அதற்குமுன் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டு சிறைக்கும் சிந்தனைக்கும் கல்விக்கும் சென்றது. பின் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு தாம் ஆக்கிய ஆட்சியையும் அதற்கு மாறான ஆட்சியையும் ஒரே அளவுகோலால் அளப்பதில் சென்றது. ஆட்சியிலிருப்பது நம்மவர் என்பதற்காக அளவுகோலை மாற்றாதவரே மக்களின் தலைவர்.

நாளை உங்கள் வாயிலுக்கு வாக்குக் கேட்டு வருவோரிடம், வென்றால் என்ன தருவீர் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அதனோடு இன்னொன்றையும் கேளுங்கள்: வென்றபின் உம்மவர் வாக்குத் தவறினால், நீர் எந்தப் பக்கத்தில் நிற்பீர்? அதற்குத் தயங்காது விடை கூறுவாரின் கையில் உங்கள் வாக்கைக் கொடுங்கள்.